5.10 வண்டி

எங்கள் ஊருக்கு ஒரு நைட் ஹால்ட் வண்டி இருந்தது. டவுனிலிருந்து இரவு 9.20க்குக் கிளம்பி 10 மணிவாக்கில் ஊர் வந்து சேரும். மாரியம்மன் கோயிலுக்கு எதிரே புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு டிரைவரும் கண்டக்டரும் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வார்கள். கோடையில் உள்ளே புழுக்கம் தாங்காது. பாயைத் தூக்கிக்கொண்டு கோயில் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். விடியக்காலையில் டீக்கடைக்காரர் அடுப்பு பற்றவைப்பதும் டிரைவர் இன்ஜினைக் கிளப்பி உறுமவிடுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும். 5.10க்கு வண்டி எடுப்பார்கள். அந்தச் சத்தத்தில்தான் எங்கள் தெரு எழுந்திருக்கும்.

அம்மாவுக்குக் கீரை வியாபாரம். முந்தின நாள் சாயங்காலமே அறுத்துக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுவார். 5.10 வண்டியில் ஏறினால் 6 மணிக்கெல்லாம் மார்க்கெட் வாசலில் சாக்கை விரித்துவிடலாம். சமையலுக்கு வாங்குகிறவர்கள் 8 மணிக்குள் வந்து போய்விடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் கீரை தலை தொங்கிவிடும். 10 ரூபாய்க் கட்டை 5 ரூபாய்க்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். அதே வண்டியில் பால்கேன்கள் ஏறும். கட்டட வேலைக்குப் போகும் சித்தாள்கள், பெரியாஸ்பத்திரியில் சீட்டுப் போட வரிசையில் நிற்க வேண்டிய வயசானவர்கள், டவுனில் ரயில் பிடிக்கிறவர்கள் எல்லாரும் அதில்தான். நான் கல்லூரிக்குப் போன 3 வருடமும் அந்த வண்டிதான். 7.40 வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கட்டு வரைக்கும் தொங்குவார்கள் என்பதால் இருட்டோடு கிளம்பிப் போய்க் கல்லூரி வாசலில் உட்கார்ந்து படிப்பேன்.

கொரோனாவுக்காக 2020 மார்ச் கடைசியில் தமிழ்நாடு முழுக்க பஸ் நின்றது. செப்டம்பர் 1ஆம் தேதி மாவட்டத்துக்குள்ளும், 7ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டமும் ஓடத் தொடங்கியபோது எங்கள் தடத்திலும் வண்டி வந்தது. ஆனால் முன்பு 6 நடை இருந்த இடத்தில் 3 நடைதான். நைட் ஹால்ட் வரவில்லை. "கூட்டம் வரட்டுங்க, விட்டுருவாங்க" என்று கண்டக்டர் சொன்னார். கூட்டம் பழையபடி வந்து வருடங்கள் ஆகிவிட்டன. 5.10 வண்டி இன்னும் வரவில்லை.

இதற்கு நடுவில்தான் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2021 மே 7ஆம் தேதி முதலமைச்சராகப் பதவியேற்ற அன்றே மு.க. ஸ்டாலின் கையெழுத்துப் போட்ட உத்தரவுகளில் அதுவும் ஒன்று. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் சீட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். 8ஆம் தேதியே அமலுக்கு வந்தது. 10ஆம் தேதி முழு ஊரடங்கு. அதனால் அம்மா முதன்முதலாகக் காசில்லாமல் பஸ் ஏறியது ஜூலை முதல் வாரத்தில்தான். நானும் அன்று உடன் போனேன். அம்மா வழக்கம்போல 12 ரூபாயை எண்ணி நீட்டினார். "வேணாங்கக்கா, உள்ள வைங்க" என்று கண்டக்டர் சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார். அம்மாவுக்கு விஷயம் தெரியும், டிவியில் பார்த்திருந்தார். இருந்தாலும் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. இறங்கும்வரை அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

இரண்டு வழியும் பஸ்ஸில் என்றால் போக 12, வர 12, மாதம் 26 நாள் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 624 ரூபாய் வந்தது. மாநிலத் திட்டக் குழு பிறகு செய்த ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னார்கள். எங்கள் வீட்டுக் கணக்கையும் வைத்துப் பார்த்தால் அது மிகைப்படுத்தின தொகை இல்லை. டவுனில் இறங்கி இன்னொரு பஸ் மாறுகிறவர்களுக்கு அவ்வளவு வரும்.

ஆனால் பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அதுவரை வியாபாரம் இல்லாத ஒரு நாளில் அம்மா பஸ் ஏறி நான் பார்த்ததே இல்லை. பெரியம்மா இருக்கும் ஊருக்கு இரண்டு வண்டி மாறிப் போக வேண்டும். ஒரு நல்லது கெட்டது என்றால்தான் போவார். அந்த வருடம் ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு காரணமும் இல்லாமல், அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். அப்புறம் மாதம் ஒருதரம் போக ஆரம்பித்தார். 4 வருடமாக வலித்துக்கொண்டிருந்த முழங்காலைக் காட்ட அரசு ஆஸ்பத்திரிக்கும் போனார். இத்தனை நாள் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "ஒரு நாள் காட்டினாப் போதுமா, வாரா வாரம் வரச் சொல்லுவாங்க" என்றார். வாரா வாரம் 24 ரூபாய் என்பது அவர் மனசில் அத்தனை வருடமும் நின்றிருக்கிறது. பக்கத்திலேயே இருந்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

டெல்லி 2019லேயே இதைச் செய்திருந்தது. 2023 ஜூனில் கர்நாடகமும் டிசம்பரில் தெலங்கானாவும் செய்தன. இங்கே திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் உதவியாளருக்கும் விரிவாக்கினார்கள். 2024ல் மலைப்பகுதிகளையும் சேர்த்தார்கள். ஆரம்பத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று போட்ட கணக்கு, 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடியாக வளர்ந்திருக்கிறது. இவ்வளவு பணமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸிலேயே "ஓசி டிக்கெட்டுக்கு சீட் வேற கேக்குதா" என்று ஒருவர் ஒரு பெரியவளிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா பதில் பேசாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். விடியக்காலையிலிருந்து உழைத்துவிட்டுத் திரும்புகிற பெண்மணி அவர். எண்ணெயிலிருந்து சோப்பு வரைக்கும் வரி கட்டித்தான் வாங்குகிறார். அந்த வரியில் ஓடுகிற வண்டியில் அவருக்கு உரிமை இல்லாமல் வேறு யாருக்கு?

சரி, திட்டம் நல்ல திட்டம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் வருத்தம் எல்லாம் வண்டியைப் பற்றித்தான்.

5.10 இல்லாததால் அம்மா காலையில் குட்டியானையில் போகிறார். காய்கறி ஏற்றிப் போகிற வண்டி. பின்னால் மூட்டைகளுக்கு நடுவே 8 பேர், 10 பேர் உட்கார்ந்து போவார்கள். ஆளுக்கு 40 ரூபாய். அதில் ஆட்களை ஏற்றக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், வேறு வழியில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். திரும்பும்போது மதியம் 12.30 பஸ்ஸில் இலவசமாக வருகிறார். ஆக, 5.10 ஓடிய காலத்தில் சீட்டுக்குக் காசு கொடுத்தும் ஒரு நாளைக்கு 24 ரூபாய்தான் செலவு. சீட்டு இலவசமான பிறகு 40 ரூபாய். இந்தக் கணக்கை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எங்கேயோ தப்பாகக் கூட்டிவிட்டேன் என்பதுபோலத்தான் பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதை இன்னும் வருத்தமானது. பி.காம். முடித்துவிட்டு டவுனில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது. அலுவலகம் விட 7 மணி ஆகும். கடைசி வண்டி 6.40. முதல் மாதம் முழுக்க அவள் அப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போய் அழைத்து வந்தார். அவருக்கும் வயலில் வேலை இருக்கிறது, இருட்டில் அந்த ரோட்டில் ஓட்டக் கண்ணும் சரியில்லை. அப்புறம் ஷேர் ஆட்டோவில் பாதித்தூரம் வந்து, மீதியை யாராவது வந்து கூட்டிப் போவது என்று 4 மாதம் ஓடியது. ஐந்தாவது மாதம் வேலையை விட்டுவிட்டாள். இலவசப் பயணம் எத்தனை பெண்களை வேலைக்கு அனுப்பியது என்று எண்ணுகிறோம், எண்ணவும் வேண்டும். 6.40க்குப் பிறகு வண்டி இல்லாததால் வீட்டுக்குத் திரும்பியவர்களை எந்த ஏட்டில் எழுதுவது?

ஏன் வண்டி வரவில்லை என்று எனக்குப் புரியவைத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டிரைவர். எனக்குச் சித்தப்பா முறை. 29 வருடம் வண்டி ஓட்டியவர். டிப்போவில் ஒவ்வொரு ஷெட்யூலுக்கும் ஒரு கணக்கு உண்டு என்றார். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு கலெக்‌ஷன் என்பது ஒன்று, அதை இ.பி.கே.எம். என்பார்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது இன்னொன்று. முதல் கணக்குக்குக் கண்டக்டரைக் கேட்பார்கள், இரண்டாவதுக்கு டிரைவரைக் கேட்பார்கள். "நம்ம ஊரு வண்டில என்னப்பா கலெக்‌ஷன் வரும்? போறப்ப நெறைய ஆளு, வர்றப்ப காத்து. ஆளு பத்தல, வண்டி பத்தலன்னா முதல்ல கை வைக்கறது இதுமாதிரி நடைலதான்." ஊழியர் ஓய்வுபெற்றால் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. இருக்கிறவர்கள் டபுள் டியூட்டி பார்த்தார்கள். நைட் ஹால்ட் என்றால் ஒரு டிரைவரும் கண்டக்டரும் இரண்டு நாளுக்கு அந்த வண்டியோடு கட்டப்பட்டுவிடுவார்கள். ஆள் தட்டுப்பாட்டில் அது கட்டுப்படியாகாது.

அவருக்கும் ஒரு மனக்குறை உண்டு. ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டு அனுப்பினார்கள். சேர வேண்டிய பணம் வருடக்கணக்கில் இழுத்தது. மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்க வேண்டியதாயிற்று. 2024 ஜனவரி 9ஆம் தேதி மாநிலம் முழுக்கப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதில் ஓய்வூதியர்களின் அகவிலைப்படி நிலுவை ஒரு முக்கியமான கோரிக்கை. இன்னொரு கோரிக்கையும் இருந்தது: அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டும் என்பது. பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியுமா என்ற பதற்றத்தில் பலர் அந்த இரண்டாவது கோரிக்கையைக் கவனித்திருக்கமாட்டார்கள். என்னைக் கேட்டால் எங்கள் ஊர் 5.10 வண்டி அந்த ஒரு வரியில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கழகங்கள் ஏன் வந்தன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1972க்கு முன்னால் மதுரைப் பக்கம் டி.வி.எஸ்., கும்பகோணம் பக்கம் ராமன் அண்ட் ராமன் என்று பெரிய தனியார் கம்பெனிகள் நன்றாகவே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தன. கலைஞர் ஆட்சியில் அவற்றை அரசுடைமையாக்கிப் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் உருவாயின. பிறகு கட்டபொம்மன் வந்தது. 1997ல் அந்தப் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். லாபம் வரும் தடத்தில் வரும் காசை வைத்து, லாபம் வராத தடத்திலும் வண்டி விடலாம் என்பதுதான் அரசுடைமையாக்கியதற்குப் பின்னால் இருந்த யோசனை. அப்படித்தான் வண்டியே பார்க்காத ஊர்களுக்கு வண்டி போனது. எங்கள் ஊருக்கும் அப்படித்தான் வந்திருக்கும். தமிழ்நாட்டுப் பெண்பிள்ளைகள் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்ப் படித்ததில் அந்த வண்டிகளுக்கும் பஸ் பாஸுக்கும் உள்ள பங்கு சின்னதில்லை.

இன்றைக்கு லாபத் தடம் என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. வசதி வந்தவர்கள் பைக்குக்குப் போய்விட்டார்கள். 2018 ஜனவரியில் கட்டணத்தை ஒரேயடியாக ஏற்றினார்கள், அப்போதும் ஒரு கூட்டம் பைக்குக்கு மாறியது. அதற்குப் பிறகு டீசலும் சம்பளமும் உதிரிபாகமும் ஏறிக்கொண்டே போக, கட்டணம் அங்கேயே நிற்கிறது. நிற்கட்டும். ஏற்றச் சொல்லி நான் கேட்கமாட்டேன். ஆனால் அந்த இடைவெளியை யார் நிரப்புவது என்று தெளிவாகச் சொல்லாமல் விட்டால், டிப்போ மேனேஜர் தன் கைக்கு எட்டிய வழியில் நிரப்புவார். நடையை வெட்டுவார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

அரசு பணம் தரவில்லை என்று சொல்ல முடியாது. பெண்களின் பயணத்துக்குத் தருகிறது, மாணவர் பாஸுக்குத் தருகிறது, டீசலுக்கு மானியம் தருகிறது. ஆனால் பெண்களுக்கும் மாணவர்களுக்கும் தருவது ஆளைக் கணக்கிட்டுத் தரும் பணம். ஓடாத வண்டியில் யார் ஏறுவார்கள்? 5.10 வண்டி ரத்தானதால் அரசுக்கு ஒரு பைசா கணக்கு எழவில்லை, எங்கள் ஊரில் அன்று காலை யாருமே கிளம்பவில்லை என்பதுபோல. ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் என்று வைத்தால் கதை மாறும். இது புது யோசனையும் இல்லை. 2025 ஜூன் 30ஆம் தேதி சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளைத் தொடங்கிவைத்தார்களே, அவை அந்த முறையில்தான் ஓடுகின்றன. வண்டியும் டிரைவரும் பராமரிப்பும் தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. கண்டக்டரும் டிக்கெட் காசும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தினுடையவை. ஓடிய கிலோமீட்டருக்குக் கழகம் நிறுவனத்துக்குப் பணம் தருகிறது. வண்டியில் 5 பேர் இருந்தாலும் 50 பேர் இருந்தாலும் அந்த நிறுவனத்துக்கு வரும் தொகை ஒன்றுதான். தனியாருக்குத் தர முடிகிற இந்த உறுதியை அரசு தன்னுடைய சொந்தக் கழகங்களுக்கும் தரலாம். இந்த ஊருக்கு விடியக்காலை ஒரு நடை, ராத்திரி ஒரு நடை கட்டாயம் என்று எழுதிக்கொடுத்து, அதற்கான செலவை ஒதுக்கிவிட்டு, ஓடாத நாளுக்குப் பிடித்தம் செய்யலாம்.

மினி பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1997ல் அந்தத் திட்டம் வந்தபோது எங்கள் பக்கத்து ஊருக்கு ஒரு மினி பஸ் வந்தது. பாட்டுச் சத்தம் வயல் தாண்டிக் கேட்கும். 10 வருடம்போல ஓடியது. அப்புறம் உள்ளூர் ரோட்டை விட்டுவிட்டு மெயின் ரோட்டில் மட்டும் ஓடியது, அப்புறம் அதுவும் இல்லை. 2025 ஜூனில் தஞ்சாவூரில் புதிய விரிவான மினி பேருந்துத் திட்டத்தைத் தொடங்கிவைத்திருக்கிறார்கள். பஸ் போகாத குக்கிராமங்களுக்கு அது போய்ச் சேர்ந்தால் மிக நல்லது, மனசார வரவேற்கிறேன். ஆனால் அதை ஓட்டுவது தனியார். பெண்களுக்கு அதில் கட்டணமில்லாப் பயணம் கிடையாது. கலெக்‌ஷன் இல்லாத நேரத்தில் அவரும் வண்டி எடுக்கமாட்டார், எடுக்கச் சொல்வதும் நியாயமில்லை. டீசல் அவர் கைக்காசு.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய். நான் அதற்கு எதிரானவன் இல்லை. நானே சென்னை போனால் மெட்ரோவில்தான் போகிறேன், சொகுசாக இருக்கிறது. 118.9 கிலோமீட்டருக்கு அந்தச் செலவை நாம் எல்லோரும் முதலீடு என்கிறோம். மேம்பாலம் கட்டினால் அது தினம் எவ்வளவு சம்பாதித்தது என்று யாரும் கேட்பதில்லை. டவுன் பஸ்ஸுக்கு மட்டும் நஷ்டம் என்ற வார்த்தை எப்படி ஒட்டிக்கொண்டது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

2022 கடைசியில் நானும் ஊர்க்காரர்கள் சிலரும் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்தோம். 3 மாதம் கழித்து, போதிய வருவாய் இல்லாத தடம் என்று பதில் வந்தது. மறுபடி கொடுத்தோம். இந்தமுறை பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதையையும் எழுதி, அதுபோல டவுனில் வேலைக்குப் போகும் 11 பெண்களின் கையெழுத்தையும் சேர்த்தோம். 2023 ஆகஸ்டில் 7.30 வண்டி வந்தது. 6.40 வண்டியைத் தள்ளிப்போடவில்லை, கூடுதலாகவே ஒரு நடை விட்டார்கள். அன்று வண்டிக்கு மாலை போட்டு, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் துண்டு போட்டோம். வேலையை விட்டிருந்த பெண் மறுபடி சேர்ந்தாள். அதே அலுவலகம் இல்லை, வேறொரு இடம்.

காலை வண்டிக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. விடியக்காலையில் ஏற ஆள் இருக்காது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதை அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து குட்டியானைக்காகப் புளியமரத்தடியில் நிற்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. கட்டட வேலைக்குப் போகும் பையனிடம் கொடுத்து, அன்று அந்த இடத்தில் நின்றவர்கள் எத்தனை பேர், எங்கே போகிறார்கள், எதில் போனார்கள் என்று எழுதவைக்கிறார். இடம் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பியவர்களையும் எழுதச் சொல்கிறார். பால்கேன் எத்தனை என்பதும் தனியாக இருக்கிறது.

நேற்றோடு 61 நாள் ஆகிவிட்டது. அதிகபட்சமாக 34 பேர் நின்றிருக்கிறார்கள், மழை பெய்த ஒரு நாள் 9 பேர். அந்த 9 பேரை எழுதாமல் விட்டிருக்கலாமே என்றேன். "நின்னது ஒம்போது பேருதானே" என்றார் அம்மா. சித்தப்பா அந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொரு நாளுக்கும் கலெக்‌ஷன் போட்டுக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் நகல் எடுத்துக்கொண்டு வருகிற திங்கட்கிழமை போகிறோம். இந்தமுறை அம்மாவும் வருகிறார். கூட்டம் 10 மணிக்குத்தான், 7.40 வண்டிக்கே போய்விடலாம்.